இருக்கிறதிலேயே சின்னக் கணக்கு

கோட்டைப் போட்டுக்கொண்டு வந்ததுதான் மாஸ்டர் செய்த முதல் தப்பு.

வங்கியின் கண்ணாடிக் கதவருகே நின்ற காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த நோட்டைத் திறந்தார்.

"பேரு சார்?"

மாஸ்டர் சொன்னார். காவலாளி நோட்டில் விரலை ஓட்டினார். முகம் சட்டென்று மலர்ந்தது. விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"டோக்கன் எல்லாம் உங்களுக்கு எதுக்கு சார். நேரா மேனேஜர் ரூமுக்கே வாங்க."

"இல்லப்பா, நான் சும்மா ஒரு சின்ன வேலையாத்தான்..."

"அதெல்லாம் சாரே பாத்துக்குவார், வாங்க."

வரிசையில் உட்கார்ந்திருந்த பத்துப் பதினைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டருக்கு ஒருபக்கம் சங்கடமாக இருந்தது. இன்னொரு பக்கம், சொல்லக்கூடாது, கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. சல்யூட் வாங்கி எத்தனை நாளாயிற்று.

எல்லாம் அந்தக் கோட்டின் வேலை என்றே அவர் நினைத்தார். கரும்பச்சைக் கம்பளித் துணி, உள்ளே பட்டு லைனிங், கையால் போட்ட பொத்தான் காஜா. மாஸ்டர் சொந்தமாகத் தையற்கடை வைத்திருந்த காலத்தில் ஒரு பெரிய மனிதருக்காகத் தைத்தது. அளவு கொடுத்த பெரிய மனிதர் கோட்டை வாங்க வரவில்லை. முன்பணமும் கொடுத்திருக்கவில்லை. அப்படி வராதவர்கள் மொத்தம் பதினோரு பேர். அவர்களை நம்பித் துணி வாங்கக் கடன், மெஷின் வாங்கக் கடன், அந்தக் கடன்களுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன். கடைசியில் கடை போயிற்று, மெஷின் நான்கும் போயிற்று, கடன் மட்டும் போகமாட்டேன் என்று கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. பெரிய மனிதரின் கோட்டைப் பிரித்துத் தன் அளவுக்குத் தைத்துக்கொண்டார் மாஸ்டர். அவர் பெருமை பேச மிஞ்சிய சொத்து அது ஒன்றுதான்.

இப்போது ஒரு கோட்டுக் கம்பெனியில் துணி வெட்டுகிற மாஸ்டராகச் சம்பளத்துக்கு வேலை. கடன்காரர்கள் எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசி, வட்டியை நிறுத்தி, முப்பத்தாறு தவணையாகப் பிரித்துக் கொடுத்தது கடன் ஆலோசனை மையத்து அம்மா. பத்தொன்பது தவணை கட்டியாகிவிட்டது. ஒவ்வொரு ரசீதையும் மாஸ்டரின் மனைவி அலமாரிக் கதவின் உள்பக்கம் பசை தடவி ஒட்டிவைத்திருக்கிறாள். ஒரே ஒரு தவணை தப்பினால் ஏற்பாடு முறியும்; நிறுத்திவைத்த வட்டி அத்தனையும் மொத்தமாக வந்து வாசலில் நிற்கும்.

போன மாதம் வரை கம்பெனியில் சம்பளத்தை உறையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். இனி வங்கிக் கணக்கில்தான் போடுவோம் என்று திடீரென்று ஒரு சுற்றறிக்கை. மாஸ்டருக்கு இருந்த ஒரே கணக்கு பழைய வங்கியில். அதில் பணம் விழுந்தால், அந்த வங்கி தன் பாக்கிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளும். தவணை கட்ட ஒரு காசு மிஞ்சாது. அதனால் இன்றைக்கே கடன் எதுவும் இல்லாத வேறொரு வங்கியில் புதுக் கணக்கு வேண்டும். கணக்கு எண்ணை நான்கு மணிக்குள் கம்பெனியின் சம்பளக் கிளார்க்கிடம் சொல்லவேண்டும். இப்போது மணி இரண்டே முக்கால்.

நேற்று ஆலோசகர் அம்மா மூன்று வங்கிகளின் பெயரை எழுதி, இரண்டை அடித்துவிட்டார்.

"முதல் பேங்க், நீங்க கடன்பட்ட பேங்கோட அண்ணன் தம்பி. இங்க போட்டா அங்க போயிடும். ரெண்டாவதுல மாசாமாசம் கட்டணம் பிடிப்பாங்க. மூணாவதுக்குப் போங்க. அடிப்படைக் கணக்குன்னு கேளுங்க, இருக்கிறதிலேயே சின்னது. சம்பளம் விழும், தவணை தானா போகும், மிச்சத்தை எடுத்துக்கலாம். வேற ஒண்ணும் கிடையாது."

"சரிங்கம்மா."

"அங்க எதை நீட்டினாலும் வேண்டாம்னு சொல்லணும். புதுக் கடனுக்கு உங்க கையெழுத்து விழுந்தா ஏற்பாடு அன்னைக்கே முறிஞ்சிரும். சொல்லுவீங்கல்ல?"

"வேண்டாம்னு சொல்றதுல என்னங்கம்மா கஷ்டம்?" என்று மாஸ்டர் கேட்டார். அந்த அம்மா எதற்கோ தனக்குள் சிரித்துக்கொண்டார்.

மாஸ்டர் அறைக்குள் நுழைந்ததும் மேனேஜர் எழுந்து நின்று கைகொடுத்தார். ஐம்பது வயது இருக்கும். சுறுசுறுப்பான மனிதர். அவர் கோட்டின் இடது கை வலது கையைவிட அரை இஞ்ச் நீளம் என்பதை மாஸ்டர் உட்காருவதற்குள் கவனித்துவிட்டார். தைத்தவன் அவசரக்காரன்.

"உக்காருங்க சார், உக்காருங்க. காபி சாப்பிடறீங்களா? என்ன மாதிரி கணக்கு வேணும்? தயங்காம சொல்லுங்க."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். அடிப்படை என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கை ஆடியது. கையைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு. சிரிப்பைத் தொடர்ந்து, கதவைத் தள்ளிக்கொண்டு, சம்பந்தி.

"அட, நம்ம சம்பந்தி. பாஸ்புக் பதிய வந்தேன், பாத்தா நீங்க மேனேஜர் ரூம்லயே உக்காந்திருக்கீங்க."

மாஸ்டரின் மகளைத் தன் மகனுக்கு எடுத்த மனிதர் அவர். பெயின்ட் கடை முதலாளி. பெண் பார்க்க வந்த அன்று மாஸ்டரின் கோட்டைத் தொட்டுப் பார்த்து, "எங்க வாங்கினது?" என்று கேட்டார். "நம்ம கோட்டுக் கம்பெனியில தைச்சது" என்றார் மாஸ்டர். வேலை பார்க்கிற இடத்தை நம்ம என்று சொல்வது எல்லாருக்கும் வழக்கம்தானே. ஆனால் சம்பந்தி அதை அப்படியே பிடித்துக்கொண்டு, மருமகளின் அப்பா கோட்டுக் கம்பெனி முதலாளி என்று சொந்தபந்தம் முழுவதும் சொல்லி முடித்துவிட்டார். மாஸ்டர் திருத்தியிருக்கலாம். நல்ல நேரம் பார்த்துத் திருத்தலாம் என்றிருந்தார். ஒரு வருடமாக அந்த நல்ல நேரம் வரவே இல்லை.

"நீங்க பேசுங்க, நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்று சம்பந்தி பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். அவருக்கும் காபி வந்தது.

மேனேஜர் மறுபடி கேட்டார். "சொல்லுங்க சார். என்ன கணக்கு?"

"பெரிசா ஒண்ணும் வேண்டாம்" என்றார் மாஸ்டர் சாவகாசமாக. "சின்னதா ஒண்ணு போதும்."

"பாத்தீங்களா, பெரியவங்க இப்படித்தான் பேசுவாங்க" என்றார் மேனேஜர் சம்பந்தியிடம். மணியை அடித்தார். கவுண்ட்டரில் இருந்த பெண் ஒரு வழவழப்பான படிவத்தோடு வந்தாள். "இது வெள்ளிக் கணக்கு சார். ஓவர்டிராஃப்ட் உண்டு. கணக்குல பணம் இல்லைன்னாலும் மூணு மாசச் சம்பளம் வரைக்கும் எடுத்துக்கலாம். இங்க ஒரு கையெழுத்து."

மாஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். ஆலோசகர் அம்மா நீட்டுவார்கள் என்று சொன்னது இதைத்தான். சம்பந்தி எதிரில் எப்படி மறுப்பது?

"இல்லாத பணத்தை எடுத்துச் செலவு பண்றதை நான் விட்டாச்சு சார்."

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அது விழுந்த விதம் வேறாக இருந்தது. சம்பந்தி பெருமிதத்தோடு தலையாட்டினார். மேனேஜரின் புருவம் உயர்ந்தது.

"அப்ப இருக்கிற பணமே போதும்ங்கறீங்க. தப்பு என்னுதுதான் சார். உங்களைப் போய் வெள்ளியில உக்கார வைக்கப் பாத்தேனே." மறுபடி மணி. அந்தப் பெண் இன்னும் கனமான ஒரு படிவத்தோடு வந்தாள். ஓரத்தில் மஞ்சள் ஜரிகை மாதிரி அச்சு. "தங்கக் கணக்கு. கூடவே கிரெடிட் கார்டு. இன்னைக்கு வாங்கினா நாப்பத்தஞ்சு நாள் கழிச்சுக் கட்டினா போதும்."

"கார்டு எனக்குப் பழக்கமில்ல. ஜேபில இருக்கிறதைக் குடுத்துத்தான் வாங்குறது."

"ரொக்கமா?" என்றார் மேனேஜர்.

"ரொக்கம்தான்."

"எப்பவும் ரொக்கம்தான்" என்று சம்பந்தி சாட்சி சொன்னார். "கல்யாணத்துல சமையல்காரருக்குக்கூட எண்ணிக் கையில குடுத்தாரு. நான் பாத்தேன்."

அன்று அந்தச் சமையல்காரர் கடன் சொன்னால் அடுப்பையே பற்றவைக்க மாட்டேன் என்று நின்ற கதை சம்பந்திக்குத் தெரியாது. மாஸ்டரின் மனைவி வளையலைக் கழற்றிய கதையும் தெரியாது. மாஸ்டர் காபியைக் குடித்தார்.

"சரி, கார்டு வேண்டாம். கார்?" என்றார் மேனேஜர். "நம்மகிட்ட வண்டிக் கடன் ரொம்ப சுலபம். இப்ப எந்த வண்டியில வந்தீங்க?"

"நடந்துதான் வந்தேன்."

"அவ்வளவு தூரமா?"

"தினமும் நடக்கிறதுதான்."

"அதான் உடம்பு இப்படிக் கட்டா இருக்கு" என்றார் சம்பந்தி தன் தொப்பையைத் தடவிக்கொண்டே. "நானும் நாளையிலிருந்து நடக்கணும்."

பஸ்ஸுக்கு ஆகும் காசை மாதம் முழுக்க மிச்சம் பிடித்தால் தவணையில் ஒரு மூலை நிரம்பும் என்று மாஸ்டர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். இங்கே அது ஆரோக்கியமாகிவிட்டது. ஒவ்வொரு முறை வேண்டாம் என்று சொல்லும்போதும் தான் ஒரு படி பணக்காரராகிக்கொண்டே போவதை அவர் உணர்ந்தார். இப்படியே போனால் ஐந்து மணிக்குள் கோடீஸ்வரராகிவிடலாம். கணக்குத் திறக்க முடியாது, அவ்வளவுதான்.

கைபேசி அடித்தது. சம்பளக் கிளார்க். அந்த ஆளுக்கு மெதுவாகப் பேச வராது. பக்கத்தில் ஓடும் முப்பது மெஷின்களுக்கு மேல் கத்திக் கத்தியே பழகியவர்.

"மாஸ்டர், சம்பள லிஸ்ட்டை மூடணும். உங்க ஒருத்தருக்காகத்தான் காத்திருக்கேன்."

"நாலு மணிக்குள்ள நம்பரைச் சொல்லிடறேன்" என்றார் மாஸ்டர், கைபேசியைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு.

"சொல்லலைன்னா பழைய பேங்குக்கே போட்டுடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"வேண்டாம். நான் சொல்றவரைக்கும் மூடாதீங்க."

கைபேசியை வைத்தார். சம்பந்தி மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பெனியிலிருந்தா?"

"ஆமா."

"நீங்க நம்பர் சொல்லாம சம்பள லிஸ்ட்டை மூட மாட்டாங்களா?"

"மூட மாட்டாங்க" என்றார் மாஸ்டர். அதிலும் பொய் இல்லை.

"இருக்கணும் சம்பந்தி, தொழில்ல அந்தப் பிடி இருக்கணும். என் கடையில நான் ஒரு நாள் இல்லைன்னா டப்பாவைத் திறந்துபோட்டுட்டுப் போயிடறானுங்க."

கவுண்ட்டர்ப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். அவளுக்கு இருமல் போல என்று மாஸ்டர் நினைத்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது. ஏதாவது செய்தாகவேண்டும். சம்பந்தியை அனுப்பிவிட்டால் ஒரு நிமிடத்தில் காரியம் முடியும்.

"சம்பந்தி, உங்க பாஸ்புக் பதிஞ்சாச்சா? அங்க மூடிடப் போறாங்க."

"இந்தாம்மா" என்று மேனேஜர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். "சாரோட பாஸ்புக்கை நீயே வாங்கிட்டுப் போய் பதிஞ்சு கொண்டு வா. பெரியவர் எதுக்கு எழுந்து அலையணும்?"

சம்பந்தி இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார். அந்தப் பெண் பாஸ்புக்கோடு திரும்பி வந்தாள்; இரண்டாவது காபியும் வந்தது. அதைப் பாதி குடிப்பதற்குள் இன்னும் ஐந்து நிமிடம் போயிற்று.

மாஸ்டர் கடைசி முயற்சியாக மேனேஜர் பக்கம் குனிந்து குரலைத் தணித்தார். "சார், உங்ககிட்ட தனியா ஒரு வார்த்தை..."

"தனியாவா?" மேனேஜர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "சொந்தத்துக்கு முன்னாடி என்ன சார் ரகசியம். புரியுது, புரியுது. நீங்க எதிர்பாக்கிறது வைரம். நான் முதல்லயே எடுத்திருக்கணும்."

மேசை இழுப்பறையைத் திறந்து, தோல் அட்டை போட்ட ஒரு கோப்பை எடுத்து வைத்தார். இந்த முறை அவர் அவசரப்படவில்லை. மாஸ்டரின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கறேன் சார். இந்தக் கோட்டைத் தைச்சது யாரு?"

"நான்தான்."

"காஜாகூடவா?"

"காஜாகூட. கையாலதான்."

"தோள்பட்டையில ஒரு சுருக்கம் இல்ல. எங்க தலைமை ஆபீஸ்ல இருக்கிறவங்ககூட இப்படி ஒண்ணு போட்டு நான் பாக்கல." மேனேஜர் கோப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். "இப்படிப்பட்ட கைக்குச் சொந்தமா ஒரு கடை வேண்டாமா? முக்குல ஒரு இடம் காலியா இருக்கு. வாசல்ல உங்க பேர் போட்டு போர்டு. உள்ள ஆறு மெஷின். முழுக்க எங்க கடன். முதல் ஆறு மாசம் ஒரு காசு கட்டவேண்டாம். இங்க ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

பேனாவைத் திறந்து மாஸ்டரின் கையில் வைத்தார்.

வெள்ளி வேண்டாம் என்று சொல்வது சுலபமாக இருந்தது. தங்கமும் காரும் அவருக்கு வேண்டியவையே அல்ல. ஆனால் இது வேறு. அந்த முக்குக் கடை எதுவென்று அவருக்குத் தெரியும். தினமும் நடந்து போகும் வழி. காலைவெயில் நேராக உள்ளே விழும். துணியின் நிறம் பார்க்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. வெட்டு மேசையை எங்கே போடுவது, கண்ணாடியை எந்தச் சுவரில் மாட்டுவது என்றெல்லாம் நடக்கிற நடையிலேயே எத்தனையோ தடவை யோசித்திருக்கிறார். படிவத்தில் புள்ளி வைத்த கோடு ஒன்று காத்திருந்தது. பேனா நல்ல பேனா. தானாகவே எழுதிவிடும் போலிருந்தது.

"போடுங்க சம்பந்தி" என்றது பக்கத்துக் குரல். "ஒரு கம்பெனியோட இன்னொரு கடையும் இருக்கட்டும். திறப்பு விழாவுக்கு முழுக்க என் பெயின்ட். நானே வந்து நிப்பேன்."

மாஸ்டரின் இடது கை, போட்டிருந்த கோட்டின் மேல் தானாகப் போயிற்று. லைனிங்கைத் தடவினார். இந்தக் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போன அந்தப் பெரிய மனிதரும் இப்படித்தான் வார்த்தை கொடுத்தார். இப்படித்தான் ஒரு பேனாவை மாஸ்டரும் அன்றைக்குக் கையில் வாங்கினார். முதல் ஆறு மாசம் ஒரு காசு கட்டவேண்டாம் என்று அன்றும் ஒருவர் சொன்னார். ஏழாவது மாதம் வந்தது. அது வரும் என்று யாரும் சொல்லவில்லை.

மணி மூன்று நாற்பது.

அவர் பேனாவை மூடினார். மூடி, மேசையின் மேல் படுக்கவைத்தார்.

"சார், எனக்கு இது வேண்டாம். வெள்ளி, தங்கம், வைரம் எதுவும் வேண்டாம். அடிப்படைக் கணக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கீங்களே, இருக்கிறதிலேயே சின்னது, அதுதான் வேணும்."

"விளையாடறீங்க சார்."

"விளையாடல. நான் கடன்பட்டவன்."

சம்பந்தியின் காபி கோப்பை பாதி வழியில் நின்றது. மாஸ்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"கம்பெனி என்னுது இல்ல சம்பந்தி. நான் அங்க துணி வெட்டற மாஸ்டர். மாசச் சம்பளம். அந்தச் சம்பளத்தைப் போடத்தான் இந்தக் கணக்கு. எனக்குன்னு கடை இருந்துச்சு, கடனால போச்சு. கடன் ஆலோசனை மையத்து அம்மா ஒருத்தங்க வட்டியை நிறுத்திக் குடுத்தாங்க, இப்ப முப்பத்தாறு தவணையில கட்டிட்டிருக்கேன். பத்தொன்பது கட்டியாச்சு."

சொல்லும்போது குரல் நடுங்கும் என்று அவர் நினைத்திருந்தார். நடுங்கவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் சொன்னார்.

"பத்தொன்பதும் தேதி தப்பாம கட்டினது. ஒண்ணுகூட ஒரு நாள் பிந்தல. காய்ச்சல்ல படுத்திருந்த மாசம்கூட என் சம்சாரம் போய்க் கட்டிட்டு வந்தா. ரசீது எல்லாத்தையும் அலமாரிக் கதவுல ஒட்டி வெச்சிருக்கா. தினமும் காலையில சட்டை எடுக்கும்போது அதைப் பாத்துட்டுத்தான் கிளம்பறேன். இன்னும் பதினேழு. அதையும் கட்டுவேன். அதுக்கு அப்புறம் அந்த முக்குக் கடை காலியா இருந்தா, என் காசுல வாங்கறேன். இப்ப இந்தக் கையெழுத்தைப் போட்டா அந்தப் பத்தொன்பதும் குப்பைக்குப் போயிடும். எனக்கு அந்தப் பத்தொன்பது பெரிசு சார். உங்க வைரத்தைவிடப் பெரிசு."

வெட்கம் வரும், தலை தானாகக் குனியும் என்று அவர் காத்திருந்தார். இரண்டும் வரவில்லை. பெருமையாக இருந்தது. கோட்டு போட்டுக்கொண்டு சல்யூட் வாங்கியபோது இருந்த பெருமை பக்கத்தில்கூட வர முடியாத பெருமை. இத்தனை நாளும் இதையா மறைத்து வைத்திருந்தோம் என்று அவருக்கே தன் மேல் கோபம் வந்தது.

மேனேஜர் கவுண்ட்டர்ப் பெண்ணைப் பார்த்தார். கவுண்ட்டர்ப் பெண் அவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் வெற்றி மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது. மேனேஜர் பெருமூச்சு விட்டு வெள்ளியைக் கிழித்தார், தங்கத்தைக் கிழித்தார், வைரத்தை உருவி நான்காகக் கிழித்தார்.

"ஐயோ சார், எதுக்கு வீணா..." என்றார் மாஸ்டர்.

"பரவாயில்ல. இதெல்லாம் எப்படியும் சாயங்காலம் கிழிக்கிற காகிதம்தான்."

இழுப்பறையின் அடியிலிருந்து ஒற்றைத் தாள் ஒன்றை எடுத்தார். அடிப்படைக் கணக்குக்கான படிவம். வழவழப்பு இல்லை, ஜரிகை இல்லை. மாஸ்டரின் பெயரும் விலாசமும் ஏற்கெனவே அச்சாகி இருந்தன. பரவாயில்லையே, இந்த வங்கியில் வேலை வேகமாகத்தான் நடக்கிறது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். ஒரு வரி விடாமல் படித்தார். ஓவர்டிராஃப்ட் இல்லை. கடன் அட்டை இல்லை. கட்டணம் இல்லை. சம்பளம் உள்ளே வரலாம், தவணை வெளியே போகலாம். கையெழுத்துப் போட்டார்.

மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கணக்கு எண் கிடைத்தது. மூன்று ஐம்பத்து மூன்றுக்குக் கிளார்க்கைக் கூப்பிட்டார். இந்த முறை கைபேசியைக் காதில் அழுத்தவில்லை. பதினோரு எண்களையும் அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"ஏறிடுச்சு மாஸ்டர்" என்று கத்தினார் கிளார்க். "நாளைக்கு விழுந்துடும்."

மேனேஜர் எழுந்து கைகொடுத்தார். வந்தபோது கொடுத்ததைவிட இறுக்கமாக, அதிக நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் அப்போதுதான் பல் பிடுங்கிக்கொண்டு வந்தவரின் சிரிப்பு.

"உங்க கோட்டுல இடது கை அரை இஞ்ச் நீளம் சார்" என்றார் மாஸ்டர், மனசு கேட்காமல். "கம்பெனிக்குக் கொண்டு வாங்க. சரிபண்ணித் தரேன். தைச்ச கூலியை மட்டும் ரொக்கமா குடுத்துடணும்."

இருவரும் வெளியே வந்தார்கள். மகளுக்கு இன்று மாலை போன் செய்து சொல்லிவிடவேண்டும், அவளும் ஒரு வருடமாக மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறாள் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். வங்கியின் படிகளில் சம்பந்தி நின்றார். முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஒரு வருஷமா என்னை நம்ப விட்டீங்களே சம்பந்தி."

"தப்புதான். மன்னிச்சிருங்க."

"மன்னிக்கிறது இருக்கட்டும்." சம்பந்தி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "வட்டியை நிறுத்திக் குடுத்தாங்கன்னு சொன்னீங்களே, அந்த அம்மா ஆபீஸ் எங்க இருக்கு?"

மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வியும் கேட்காமல் சட்டைப் பையிலிருந்து ஆலோசனை மையத்தின் அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"வீட்ல சொல்லிடாதீங்க" என்றார் சம்பந்தி.

"நீங்களே சொல்லுங்க. சொன்னா நல்லா இருக்கும். நான் இப்பத்தான் சொல்லிப் பாத்தேன்."

சம்பந்தி அட்டையை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு வேகமாகத் தெருவைக் கடந்தார். தன் கார் நிறுத்தியிருந்த பக்கம் போகவில்லை. நடந்தே போனார்.

மாஸ்டர் கோட்டைச் சரிசெய்துகொண்டு நின்றபோது வங்கியின் பக்கவாட்டுக் கதவு திறந்து மேனேஜர் வெளியே வந்தார். கையில் ஒரு துணிப்பை. மாஸ்டரை அவர் பார்க்கவில்லை. நேராகக் காவலாளியிடம் போனார்.

"ஏம்ப்பா, வெங்காயம் நறுக்கும்போது கண்ணு எரியாம இருக்க என்ன பண்ணனும்?"

"தண்ணியில போட்டு வெச்சு நறுக்குங்க சார்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம் சார்."

மேனேஜர் அதை ஒரு சின்னத் தாளில் எழுதிக்கொண்டு, தோள் தொங்க, கடைத்தெருப் பக்கம் போனார். இடது கை இன்னும் நீளமாகத் தெரிந்தது.

"என்னப்பா ஆச்சு அவருக்கு?" என்றார் மாஸ்டர். "என்கிட்ட பேசிட்டிருந்தப்ப நல்லாத்தானே இருந்தார்."

"எல்லாம் உங்களாலதான் சார்" என்றார் காவலாளி. நோட்டைத் திறந்து மாஸ்டரின் பெயருக்கு நேரே பெரிதாக ஒரு நட்சத்திரம் போட்டார்.

"நான் என்னப்பா பண்ணினேன்?"

காவலாளி விறைப்பாக நின்று, முதலில் வைத்ததைவிட நல்ல சல்யூட் ஒன்று வைத்தார்.

"உங்களை இங்க அனுப்பின ஆலோசகர் அம்மா எங்க மேனேஜரோட சம்சாரம் சார், அவங்க அனுப்பற ஆளு அவர் நீட்டற எல்லாத்தையும் வேண்டாம்னு சொல்லிட்டா அன்னைக்கு ராத்திரிச் சமையல் சாரோட வேலைன்னு அவங்களுக்குள்ள பந்தயம், ரெண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் அவர் முதல் தடவையா அடுப்பைப் பத்தவைக்கப் போறார்."